காந்தியின் லண்டன் கணக்கு

சின்ன ஊரிலிருந்து பெரிய நகரத்துக்குக் கிளம்பும் எவரும் கேட்கும் முதல் கேள்வி "அங்கே எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். 1888-ல் காந்தியின் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. குடும்ப நண்பர் மாவ்ஜி தவே சொன்ன பதில்: பாரிஸ்டர் படிப்புக்கு மூன்று வருடம், மொத்தம் நாலைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது.

ஆனால் பணம் வருவது ரூபாயில், செலவாவது பவுனில். வெள்ளியின் விலை சரிந்துகொண்டே வந்த காலம் அது. 1870-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் மதிப்புள்ள ரூபாய், 1888-ல் சுமார் 1 ஷில்லிங் 4 பென்னிதான். பத்து ரூபாய்க்குக் கிடைத்த பவுனுக்குப் பதினைந்து ரூபாய்! பணம் அனுப்ப வேண்டியவர் அண்ணன் லட்சுமிதாஸ்.

லண்டனில் இறங்கியதும் விக்டோரியா ஹோட்டல். பில் 3 பவுன். பிடிக்காத உணவைத் தள்ளிவிட்டு வேறொன்று கேட்டால் இரண்டுக்கும் காசு; ஆனாலும் வயிறு நிறையவில்லை. அதன்பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 'ஜென்டில்மேன்' ஆகும் ஆசை வந்துவிட்டது. பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு உடை, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு 3 பவுன். உடை மட்டுமே 150 ரூபாய். இதற்கெல்லாம் லண்டனின் விலைவாசியைக் குற்றம் சொல்ல முடியாது. நல்லவேளை, அந்த மோகம் மூன்று மாதத்தில் தணிந்தது.

தினமும் தூங்கப் போகுமுன் கணக்கு எழுதும் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதுவும் விடுபடாது. அந்த நோட்டைப் பார்த்தபோதுதான், ஒரு ஆங்கிலக் குடும்பத்தோடு தங்குவதன் உண்மையான விலை அவருக்குத் தெரிந்தது. வாரப் பணம் ஒரு பகுதிதான். மரியாதைக்காக வீட்டாரை வெளியே விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். கூட வரும் பெண்ணின் வண்டிக் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். வெளியில் சாப்பிட்ட நாளுக்கும் வீட்டில் கழிவு கிடையாது. எந்த விலைப்பட்டியலிலும் இதெல்லாம் இருக்காது!

தனியாக அறைகள் எடுத்தார். போக வேண்டிய இடத்துக்கு அரை மணியில் நடந்துவிடும்படி இடம் பார்த்தார். வண்டிச் செலவு மிச்சம், தினம் எட்டுப் பத்து மைல் நடை. செலவு பாதியானது. பிறகு, இரண்டு ஷில்லிங் வாடகை அறையில் ஏழை மாணவர்கள் வாழ்வதைக் கேள்விப்பட்டு, ஒரே அறைக்கு மாறி ஸ்டவ் வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கோகோவும். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்னி, நம் கணக்கில் ஒரு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

1891 ஜூனில் பாரிஸ்டராகக் கப்பலேறியவர், சில வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டன் செல்லும் இந்திய மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். என்னென்ன துணி எடுத்துப் போவது என்பதுவரை அதில் உண்டு. வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வாரம் 1 பவுன் போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கையெழுத்துப் பிரதி அப்போது அச்சாகவில்லை.