மண் சரிந்த பிறகு வருபவர் யார்?

மழை பெய்வதும் மண் சரிவதும் அமைச்சர்கள் வருவதும் பிறகு எல்லோரும் போய்விடுவதும், மலையகச் செய்திகளை நீண்டகாலம் எழுதிவந்த எனக்குப் பழகிப்போன வரிசை. எல்லோரும் போன பின்னர் அந்த லயத்தில் துக்கத்தோடு இருப்பவர்களுக்குத் துணையாக யார் இருக்கிறார்? இதற்கு விடை தேட நோர்வூட்டிலிருந்து யாழ்ப்பாணம் வரை போக வேண்டியிருக்கிறது.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் இலட்சக்கணக்கான மக்களுக்கு உளநல மருத்துவர்கள் ஓரிருவரே இருந்தனர். அவர்களுள் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், நோயாளி தம்மைத் தேடி வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை எனக் கண்டார். ஆசிரியர், கிராம அலுவலர், குடும்பநல மாது என, ஊரில் ஏற்கெனவே மக்கள் நம்பிப் பேசும் மனிதர்களுக்கே அடிப்படைப் பயிற்சி அளிப்பது என்பது அவர் தேர்ந்த வழி. அகதிகளின் உளநலத்துக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைநூல் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. வைத்தியர் சிவயோகனும் அப்பணியில் இணைந்திருந்தார். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் பயிற்சிக் களங்களாயின. நூலில் பேய் பிடித்தல், நேர்த்தி, அந்தியேட்டி ஆகியவற்றுக்கும் இடமிருந்தது. சடங்கை மூடநம்பிக்கை என ஒதுக்காமல் மருந்தின் ஒரு பகுதியாகக் கண்டது அந்தப் பயிற்சியின் பெரிய பலம் என்பது என் கருத்து.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து, இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, வடக்கில் இப்படிப் பழகிய கைகள் முன்னரே இருந்தன. உடல் கிடைக்காதவருக்கு எப்படிக் கிரியை செய்வது என்று கேட்டு அழும் தாயிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். மொழியும் ஊரும் அறியாத வெளிநாட்டு ஆலோசகர்களும் அதே வேளையில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினர். நடந்ததை உடனே முழுவதும் சொல்லவைத்தால் மனம் தெளியும் என்று அவர்களிற் சிலர் நம்பினர். அந்த முறையால் நன்மை இல்லை என்பதே பின்வந்த ஆய்வுகளின் முடிவு. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இந்தப் படையெடுப்புக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அதே ஆண்டுகளில் உலகளாவிய வழிகாட்டல்களும் மாறின. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. பேசு என்று அங்கே கட்டளை இல்லை.

தமிழில் ஆற்றுப்படுத்தல் என்கிறோம். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அந்த வழியில் தானே போய்வந்தவன் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

மலையகத்துக்கு இந்த அனுபவம் போதிய அளவு வந்து சேரவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. நூற்றுக்கணக்கானோர் மாண்டதாக முதலில் பரவிய செய்தி பிறகு நாற்பதுக்குள் அடங்கியது. எண்ணிக்கை குறைந்ததும் நாட்டின் கவனமும் குறைந்தது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. எஞ்சியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடந்து, 2016இல்தான் புதுவீடு கண்டனர். மறைப்பில்லாத ஒரு கூடத்தில் அத்தனை குடும்பங்களும் சேர்ந்து வாழும்போது அழுவதற்கேனும் தனியிடம் ஏது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பெரும் பலி கொடுத்தன. எச்சரிக்கை தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. எச்சரிக்கைக்கே மொழி தட்டுப்பாடு என்றால் ஆறுதலுக்கு எந்த மொழி கிடைக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

கெசல்கமு ஓயாவை ஒட்டிய நோர்வூட் தோட்டங்களில் பயிற்றத்தக்கவர்கள் இல்லாமலில்லை. பிள்ளை மடுவத்துப் பெண்ணிடம் ஒவ்வொரு தாயும் தினமும் இரு தடவை நின்று பேசுகிறாள். தோட்ட மருத்துவிச்சிக்கு எந்த வீட்டில் என்ன துயரம் என்று தெரியும். கோவில் பூசாரியும் கருமாதிக்கு வருபவரும் இருக்கிறார்கள். தலைவரையும் கங்காணியையும் இப்பட்டியலில் சேர்க்க நான் தயங்குவேன். வேலையையும் வீட்டையும் தீர்மானிக்கும் கையிடம் மனத்தைத் திறப்பது எளிதன்று. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு மாதச் சம்பளம் இருந்தது, பயிற்சிக்குப் போனாலும் அது குறையவில்லை. கொழுந்து பறிப்பவளோ மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, எடை குறைந்தால் அரைப் பேர். பயிற்சி நாளுக்கு முழுப் பேர் போடுவது யார், தோட்டக் கம்பனியா அரசாங்கமா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.