பென்சகோலா துறைமுகத்தில் ஒரு சம்பளக் கோரிக்கை

சரக்குக் கப்பல் இரண்டு நாள் தாமதமானால் முகவருக்கு ஐந்து முறை போன் போடுபவன் நான். அந்தக் கப்பலில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டதே இல்லை. கப்பலேறி வந்து பிழைத்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் மாலுமி ஒப்பந்தக் காலம் முடியுமுன் கப்பலைவிட்டுப் போனால், போலீஸ் பிடித்து மீண்டும் கப்பலில் ஏற்றிவிடும். அடிமைத்தனத்தை ஒழித்த சட்டத் திருத்தம் மாலுமிகளின் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1897இல் சொல்லிவிட்டது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் மாலுமிகள் சங்கத் தலைவரான ஆண்ட்ரூ ஃபுருசெத் இதை விடாமல் எதிர்த்தார். 1915 மார்ச் 4ஆம் நாள் அதிபர் வில்சன் மாலுமிகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகத்தில் மாலுமி அதுவரை உழைத்த சம்பளத்தில் பாதியைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலுக்கும் இது பொருந்தும்.

ஃபுருசெத்தின் கணக்கு வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். கையில் காசு இருந்து, கைது பயமும் இல்லையென்றால், குறைந்த சம்பளக் கப்பலில் யார் இருப்பார்? ஆளைத் தக்கவைக்க வெளிநாட்டு முதலாளியும் சம்பளத்தை உயர்த்தியே ஆகவேண்டும்.

1916இல் லிவர்பூலில் பிரித்தானியக் கப்பலேறிய டில்லன் என்ற மாலுமி, ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பாதிச் சம்பளம் கேட்டார். கேப்டன் மறுத்தார். கப்பலும் பிரித்தானியாவுடையது, ஒப்பந்தமும் அங்கே செய்தது என்பது கம்பெனியின் வாதம். எங்கள் துறைமுகத்துக்குள் வந்தால் எங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 1920இல் உச்ச நீதிமன்றம் டில்லன் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பிரிவிலும் 75 விழுக்காட்டினர் அதிகாரிகளின் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றது அதே சட்டம். பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் ஆசிய மாலுமிகளை விலக்க வேண்டும் என்பதை ஃபுருசெத் மறைத்ததே இல்லை. வெள்ளை மாலுமிகளைவிட மிகக் குறைந்த சம்பளத்தில் பிரித்தானியக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப்போட்ட இந்திய லஸ்கார்களும் அந்த ஆசியர்களில் அடக்கம். நம் பெரியவர்களை நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றிவந்த 'ரஜூலா'வில் உழைத்தவர்களும் இந்திய மாலுமிகள்தாம். அதனால் ஃபுருசெத்தை என்னால் முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை.

பிற்காலத்தில் அமெரிக்க நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது. ஹவானாவில் காயமடைந்த ஒரு டென்மார்க் மாலுமியின் வழக்கில், கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று 1953இல் தீர்ப்பானது.

இன்று நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2011இல் ஏற்றது. 2013 ஆகஸ்ட் 20இல் அது நடைமுறைக்கு வந்தது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறையாவது கைக்கு வரவேண்டும். எந்தக் கொடியோடு வந்தாலும் துறைமுக அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம். குறை பெரிதானால் கப்பலை நிறுத்தியும் வைக்கலாம்.

இப்போதெல்லாம் கப்பல் வரவில்லையென்றால், அப்படி எங்காவது நிறுத்திவிட்டார்களா என்றும் முகவரிடம் கேட்கிறேன்.