பெர்லின்ல கார் என்ன விலை?

மச்சினி பையனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் வந்த அன்றே குடும்பம் மொத்தமும் யூரோவை ரூபாயால் பெருக்கி முடித்துவிட்டது. "பேங்க்ல இருக்கீங்களே பெரியப்பா, பாதிச் சம்பளத்தை அப்பாவோட வீட்டுக் கடனுக்கு அனுப்பலாமா?" என்று போனில் கேட்டான். அனுப்புகிற பணத்துக்கு அந்தப் பெருக்கல் சரி. அங்கே சாப்பிடுகிற பணத்துக்கு?

இதே தலைவலி 1929-இல் ஃபோர்டு கம்பெனிக்கும் வந்தது. கார்க், கோபன்ஹேகன், பெர்லின் என்று ஐரோப்பாவில் அவர்களுக்குத் தொழிற்சாலைகள். டெட்ராயிட் தொழிலாளி மாதிரியே அங்குள்ளவரும் வாழ என்ன கூலி தரவேண்டும் என்று ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைக் கேட்டார்கள். பாஸ்டன் வியாபாரி எட்வர்ட் ஃபைலீன் ஆய்வுச் செலவுக்கு 25,000 டாலருக்கு வழி செய்தார்.

முதலில் டெட்ராயிட்டில், தினம் சுமார் 7 டாலர் வாங்கும் 100 ஃபோர்டு குடும்பங்களின் செலவை எடுத்தார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மின்சார இஸ்திரிப் பெட்டி. பாதி வீடுகளில் வாஷிங் மெஷின். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்!

இந்தப் பட்டியலை அப்படியே பெர்லினில் விலை போட்டால் ஊர் ஏக காஸ்ட்லி. ஆனால் பெர்லின் தொழிலாளிக்கு ஏது கார்? அவர் டிராமிலோ சைக்கிளிலோ போகிறவர். அவருடைய கம்பு... மன்னிக்கவும், ரை ரொட்டிக் கணக்கோடு டெட்ராயிட் போனால், இப்போது டெட்ராயிட் காஸ்ட்லி. இரண்டு கணக்கிலும் தப்பில்லை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள் என்று இர்விங் ஃபிஷர் 1922-லேயே சொல்லியிருந்தார். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நடுவாந்திரக் கூடையோடு கடைக்குப் போகிற குடும்பம் எது?

நாங்கள் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் தேடி அலைந்த தங்கமணி, "கொள்ளைக்கார ஊர்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். சப்பாத்தி சாப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவுக்கோ மலிவான ஊர். ராத்திரி சப்பாத்திக்கு மாறியதும் எங்கள் பட்ஜெட்டும் கொஞ்சம் இறங்கியது. அதற்கு நாக்கு கொடுத்த விலையை எந்தக் குறியீட்டெண்ணிலும் சேர்க்க முடியாது.

ஜெனீவா அறிக்கை 1932-இல் வெளிவந்தது. அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம். ஃபோர்டின் தினக்கூலி 1931-இல் 6 டாலர், 1932-இல் 4. ஐரோப்பாவுக்கு அளவுகோலாக வைத்த வாழ்க்கை டெட்ராயிட்டிலேயே இல்லை.

பையனிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன்: "அங்கே போய் தினமும் என்ன சாப்பிடப் போறே?" இன்னும் பதில் வரவில்லை.