இடுப்புவலிக்கும் ஒரு வரலாறு உண்டு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே றொசல்ல என்றொரு சிறிய புகையிரத நிலையம் உண்டு. அதனைச் சூழ்ந்த மலைகளில் ஐம்பது வயதை எட்டிய பெண்ணொருத்தியை நிறுத்தி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்கும் முன்னரே கை இடுப்புக்குப் போகும். "இடுப்பு கடுக்குதுங்க, கால் வரைக்கும் நரம்பு இழுக்குது" என்பாள். பாடசாலைக் கூட்டத்திற்குத் தாய் வராமைக்கு நம் மாணவர் கூறும் காரணமும் பல வேளைகளில் இதுவே. மலையகத்தின் கோப்பியையும் தேயிலையையும் குடியுரிமையையும் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். இந்த இடுப்பைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதல், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வரை நடந்தனர். தலையிலே மூட்டை, இடுப்பிலே பிள்ளை. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் கோப்பிச் செடியின் இலையில் நோய் தென்பட்டது. இருபது ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. 1885இல் இருப்புப்பாதை றொசல்லயைக் கடந்து நானுஓயாவைத் தொட்டபோது, வழியெங்கும் தேயிலை பரவிக்கொண்டிருந்தது.

இதனை முதலாளிகளின் பயிர் மாற்றம் என்று மட்டும் படிக்கிறோம். உழைப்பாளியின் உடம்பைப் பொறுத்தவரை அது வேறொரு மாற்றம். கோப்பிப் பழம் பருவத்தில் பறிக்கப்படுவது. பருவம் முடிந்தால் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்குப் பருவமில்லை. ஒரு மலையில் எடுத்த கொழுந்தை ஏறக்குறைய ஒரு வாரத்திற்குள் அதே மலையில் மீண்டும் எடுக்க வேண்டும். குனிந்த முதுகு ஆண்டு முழுவதும் குனிந்தே நிற்கலாயிற்று. அம்முதுகு பெரும்பாலும் பெண்ணின் முதுகாயிற்று.

அந்தக் குனிவைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். படங்கு கட்டிய இடுப்பு, தேயிலை மட்டத்தின்மேல் முன்னோக்கிச் சாய்கிறது. இரு கைகளும் நீண்டு கொழுந்தைத் தேடுகின்றன. சரிவில் ஒரு கால் மேலே, மறு கால் கீழே. கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே பதிந்து தலையைப் பின்னிழுக்க, கழுத்து அதனை எதிர்த்து முன்தள்ளுகிறது. மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் வேறு. இன்று பல தோட்டங்களில் பிரம்புக் கூடையின் இடத்தில் பை வந்துவிட்டது. கயிறு தலையைவிட்டு இறங்கவில்லை. ஆண்களின் கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் கான்வெட்டும் இதைவிட நேரான வேலைகளல்ல.

வலித்தவன் வேலைக்குப் போகாதிருந்தால் என்ன நேர்ந்தது? 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தக்க காரணமின்றி வேலைக்கு வராமையைச் சிறைக்குரிய குற்றமாக்கிற்று. இடுப்பு வலிப்பது தக்க காரணமா? காய்ச்சலைக் கை வைத்துப் பார்க்கலாம், புண்ணைக் கண்ணால் காணலாம். இடுப்புவலிக்குச் சாட்சி இல்லை. சாட்சியில்லாத நோய்க்குத் துரைமார் அகராதியில் சோம்பல் என்று பெயர். 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் வந்தது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. ஆனால் அது முதன்மையாக விபத்தை நோக்கியது. பட்டியலிட்ட சில தொழில்நோய்களையும் சேர்த்துக்கொண்டது. கால் முறிந்தால் அதற்கொரு தேதி உண்டு. முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்த முதுகெலும்பு எந்தத் தேதியில் தேய்ந்தது என்று விண்ணப்பத்தில் எழுதுவது?

விந்தை என்னவெனில், அதே 1934இல்தான் பொஸ்டன் நகர அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே பலருக்குக் கால்வரை இழுக்கும் வலியைத் தருகிறது என்று வெளியிட்டனர். இத்தாலிய மருத்துவர் றமசினி 1700இலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதி, நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேட்கும்படி மருத்துவர்களுக்குக் கூறியிருந்தார். 1960களில் சுவீடனின் நாக்கெம்சன் வட்டினுள் அழுத்தத்தை அளந்தார். முன்குனிந்து பாரம் தாங்கும்போது அது நிமிர்ந்து நிற்கையில் உள்ளதைவிட மிகுதி என்று கண்டார். றொசல்லத் தாய் கருவியின்றி அறிந்திருந்த செய்தி அது.

வைத்தியமோ நெடுங்காலம் 'படுத்துக்கிட' என்றே சொல்லிற்று. கைக்காசுக்கு வாழ்பவளுக்கு அது வைத்தியமன்று, பட்டினி. பின்னர் அந்த அறிவுரையே பிழை என்று தெரிந்தது. 1986இல் அமெரிக்காவில், ஏழு நாள் படுத்தவரைவிட இரண்டு நாள் படுத்தவர் எவ்வகையிலும் பின்தங்கவில்லை என்று கண்டனர். 1995இல் பின்லாந்தில், இயன்ற அளவு நடமாடியவரே விரைந்து தேறினர். நியூசிலாந்தின் றொபின் மக்கென்சி என்னும் உடற்பயிற்சி வைத்தியருக்கு 1956இல் ஒரு தற்செயல் உதவிற்று. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் நோயாளி ஒருவர் குப்புறப் படுத்தார். முதுகு பின்வளைந்த அந்நிலையில் சில நிமிடங்களில் அவரது கால்வலி அகன்றது. அங்கிருந்து ஒரு முறையே வளர்ந்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலும் அதற்கு இடமுண்டு. பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி ஓரிரு நிமிடம் இருக்க வேண்டும். பழகியபின் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைப் பாயிலேயே விட்டு, மேலே எழுந்து இறங்கலாம், பத்துமுறை போதும். கால்வலி சுருங்கி இடுப்பை நோக்கி ஏறினால் நன்மை. கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துக. எல்லோர் முதுகும் ஒன்றல்ல: பின்வளைவில் வலி கூடும் முதியோருக்கு, மல்லாந்து முழங்கால்களை மார்போடு அணைப்பதே இதம் தரும். கால் சோர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுக்கடங்காமல் போனாலோ பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

'நாள் முழுவதும் மலையேறுபவளுக்கு உடற்பயிற்சியா?' என்று நண்பரொருவர் நகைத்தார். நகைப்பில் நியாயமுண்டு. ஆயினும் வேலை வேறு, பயிற்சி வேறு. வேலை ஒரே திசையில் பத்தாயிரம் முறை வளைக்கிறது. பயிற்சி மறு திசையில் பத்துமுறை நிமிர்த்துகிறது. நண்பர் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: எந்த நேரத்தில்? விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுபவளின் சொந்த நேரத்திலா? ஆணுக்குச் சமமான கூலியே அவளுக்கு 1984இல்தான் கிடைத்தது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆனபின், கேட்கப்படும் கொழுந்தின் நிறை கூடிவிட்டதென்று பல தோட்டங்களில் முறையீடு எழுந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த அச்சத்தில் எவள் நிமிர்வாள்?

ஜப்பானில் 1928 முதல் வானொலி உடற்பயிற்சி நடக்கிறது. தொழிற்சாலைகளும் அதனை மேற்கொண்டன. சோவியத் ஆலைகளில் வேலை நேரத்தினுள்ளேயே பயிற்சிக்கு இடைவேளை விட்டனர். நம் தோட்டங்களில் அதற்கொரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் கூடையை இறக்கிவைத்து வரிசையில் நிற்கின்றனர். அவ்வேளையில் பலர், எவரும் சொல்லிக்கொடாமலே, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்வளைகின்றனர். மக்கென்சியின் நின்றநிலைப் பயிற்சியும் அதுவேதான். ஒவ்வொரு நிறுவையிலும் அதற்கு ஐந்து நிமிடம், பேர் குறையாமல், கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்று சங்கங்கள் கேட்கலாம். பாயில் செய்யும் பயிற்சியை வீட்டில் தாய்க்குக் காட்டிக்கொடுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். அதை வகுப்பில் கற்பிக்கச் சுகாதாரப் பாடத்தில் நமக்கு ஒரு மணிநேரம் போதும்.