குளியாளியின் மூச்சு

எங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளிக்கும் சலாபம் என்றாலே முத்தின் விலையைத்தான் பேசுவார்கள். எனக்கோ அந்நாளில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த குளியாளியின் மூச்சுதான் பெரிதாகப் படுகிறது. கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்குவார். அடியில் ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. பதறினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். நிதானமாகச் சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார்.

சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டி என்ற மந்திரவாதி மந்திரம் ஓதாமல் பலர் இறங்கமாட்டார்கள். இலங்கைச் சலாபங்களில் அவருக்கு ஆங்கிலேய அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத துரைமார்தான். ஆனால் குளியாளியின் தைரியத்துக்கு விலை உண்டென்று தெரிந்தவர்கள்!

மூழ்குவதைவிடக் கடினம், காத்திருப்பு. சிப்பிப் படுகை ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். அப்போதெல்லாம் குளியாளிகள் சங்கு குளித்தும் மீன்பிடித்தும் பிழைத்தார்கள். இங்கே கடைசிச் சலாபம் நடந்தது 1961இல்.