பொய் சொல்லும் முள்

எட்டயபுரம் என்றதும் எல்லோருக்கும் முதலில் பாரதி நினைவுக்கு வருவார். பிறகு உமறுப்புலவர், முத்துசுவாமி தீட்சிதர். அந்த ஊர் வழியாகப் போகும் மதுரை – தூத்துக்குடி சாலையை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. இருபுறமும் கரிசல் நிலம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி, நேரான சாலை, ஓரத்தில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்கள். ஒரு பழைய காரின் ஸ்பீடோமீட்டர் உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்!

சோதிக்கும் முன் ஒரு கேள்வி. வேகத்தைக் காட்ட ஒரு கருவி வேண்டும் என்று மனிதனுக்கு ஏன் தோன்றியது?

நம் முன்னோர்கள் தூரத்தையே நேரத்தால்தான் சொன்னார்கள். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடத்தில் நடந்து கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. ரோமானியர்களோ சக்கரத்தை எண்ணினார்கள். 4 அடி விட்டமுள்ள வண்டிச் சக்கரம் 400 முறை சுற்றினால் ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும்படி செய்யலாம் என்று விட்ருவியஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் போதும். இன்றைய ஓடோமீட்டரின் பாட்டன் அதுதான்.

வேகத்தை அளக்கும் தேவை மோட்டார் காரோடு வந்தது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்று உச்சவரம்பு வைத்தது. போலீஸ்காரர்கள் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குறிப்பிட்ட தூரத்தைக் கார் எத்தனை வினாடியில் கடக்கிறது என்று கடிகாரத்தில் பார்த்து அபராதம் போட்டார்கள். இதற்கு எதிராகக் கார்க்காரர்கள் 1905இல் தங்களுக்கென ஒரு சங்கமே தொடங்கினார்கள். போலீஸ் கையில் கடிகாரம் இருந்தது. ஓட்டுநர் கையில் எந்தச் சாட்சியும் இல்லை. அந்தச் சாட்சியாகத்தான் ஸ்பீடோமீட்டர் காருக்குள் வந்து உட்கார்ந்தது.

அதைச் சாத்தியமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸே. 1902இல் அவர் காப்புரிமை பெற்ற முறையே அதற்குப் பின் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் புழங்கியது. அமைப்பு எளிமையானது. கியர்பாக்ஸிலிருந்து (சில கார்களில் முன் சக்கரத்திலிருந்து) ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டருக்கு வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கிறது. ஓடோமீட்டருக்கு இந்தக் காந்த விளையாட்டு கிடையாது. அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக அது நேரடியாகச் சுற்றுகிறது. கோளாறு கண்டுபிடிக்க இந்த வித்தியாசம்தான் சாவி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டர் வேகத்தைப் பார்ப்பதே இல்லை! அது கேபிள் சுற்றுவதை மட்டுமே உணர்கிறது. "இத்தனை சுற்றுக்கு இவ்வளவு தூரம்" என்று தொழிற்சாலையில் ஒருவர் செய்த கணக்கை நம்பித்தான் எண்ணைக் காட்டுகிறது. அந்தக் கணக்கு எங்கே மாறினாலும் முள் பொய் சொல்லும்.

இந்தியாவில் பொய்க்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இங்கு ஓடிய மோரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களின் மீட்டர்கள் மைலில் இருந்தன. 1956இல் நாடாளுமன்றம் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் இயற்றியது. 1957இல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோ எடைக்கற்கள் வரத் தொடங்கின. மெல்ல மெல்லச் சாலைக் கற்களும் கிலோமீட்டருக்கு மாறின. ஆனால் அன்று ஓடிக்கொண்டிருந்த கார்களின் மீட்டர்கள் தாமாக மாறிவிடுமா? பழுதானபோது, கிடைத்த மீட்டரை வாங்கிப் பொருத்தினார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரோ, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, இன்று எட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது அதன் சொந்த மீட்டர்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

சரி, சோதனைக்கு வரலாம். போக்குவரத்து குறைவான காலை நேரம் நல்லது. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும், கடிகாரத்தை அருகில் இருப்பவர் பார்க்க வேண்டும். முள்ளை 60 கிலோமீட்டரில் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை நேரம் குறிக்க வேண்டும். 3600ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும். 60 வினாடி ஆனால் முள் யோக்கியன். 72 வினாடி ஆனால் உண்மை வேகம் 50தான். ஒரு கல்லை மட்டும் நம்பக் கூடாது. சாலையை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறியிருக்கலாம். ஐந்து கிலோமீட்டருக்குச் சராசரி எடுப்பதே சரி. கூடவே ஓடோமீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தீர்ப்பு. முள் 60 காட்டி உண்மை வேகம் 50, ஆனால் ஓடோமீட்டர் ஐந்து கிலோமீட்டருக்குச் சரியாக ஐந்து காட்டுகிறது என்றால், கேபிள் வரை எல்லாம் சரி. குற்றவாளி மீட்டருக்குள் இருக்கிறான்: களைத்துப்போன சுருள்வில், அல்லது இடம் பெயர்ந்த முள். வண்டி நிற்கும்போதும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் பின்னதுதான். கேபிளுக்கு அளவுக்கு மீறிக் கிரீஸ் தடவியிருந்தாலும் அது மெல்ல மேலேறிக் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்து முள்ளை அதிகம் காட்ட வைக்கும். மாறாக முள் குறைத்துக் காட்டினால் வலுவிழந்த காந்தத்தைச் சந்தேகிக்கலாம். முள் தடதடவென்று ஆடினால் கேபிள் வறண்டிருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது.

ஓடோமீட்டரும் ஐந்துக்கு ஆறு என்று அதே விகிதத்தில் கூட்டிக் காட்டினால், மீட்டரைக் கழற்றுவது வீண்வேலை. சக்கரத்தின் அளவு மாறியிருக்கிறது, அல்லது கியரின் பல்சக்கரம் மாறியிருக்கிறது, அல்லது மீட்டரே வேறு காருடையது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறுக்கும், அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், முள்ளும் அதிகம் காட்டும். ஆனால் சில மில்லிமீட்டர் தேய்மானம் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் விளக்கும். இருபது சதவீதத்துக்கு டயரைத் திட்டுவது அநியாயம்!

மூன்றாவது வகைதான் வேடிக்கை. முள் 40 காட்டும்போது உண்மை வேகம் 64, நூறு கிலோமீட்டர் போனால் ஓடோமீட்டர் 62 காட்டுகிறது. இதில் கோளாறே இல்லை. அந்த மீட்டர் இன்னும் மைலில் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் 40 கிலோமீட்டர் என்று நம்பி ஊருக்குள் நுழைபவருக்கு இது வேடிக்கையான விஷயம் அல்ல. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் காருக்கு மைலும் கிலோமீட்டரும் தெரியாது.

மீட்டர் வேறு காருடையதா என்று அறிய ஒரு பழைய உபாயம் உண்டு. ஸ்மித்ஸ் போன்ற கம்பெனி மீட்டர்களின் முகப்பில் 1000, 1280 என்று சிறிய எண் ஒன்று இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அது. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, முனையில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, சமதரையில் காரை நேராக 10 மீட்டர் தள்ள வேண்டும். கொடி சுற்றியதை எண்ணி 100ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். 1000 என்று எழுதிய மீட்டருக்கு 10 மீட்டரில் ஏறக்குறைய ஆறே கால் சுற்று வர வேண்டும். எட்டு வந்தால் காரும் மீட்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல.

கரிசல் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. சூடேறினால் அலுமினியத்தில் மின்தடை கூடும், இழுவை குறையும், முள் குறைத்துக் காட்டும். இதை ஈடுகட்ட நல்ல மீட்டர்களில் நிக்கல்–இரும்புத் தகடு ஒன்று வைப்பார்கள். பழுது பார்த்தவர் அதைத் தொலைத்திருந்தால், காலையில் சரியாக இருந்த முள் சித்திரை மதியத்தில் வேறு கதை சொல்லும். அதனால் சோதனையை இரண்டு வேளையும் செய்து பார்ப்பது நல்லது.

முள் கூட்டிக் காட்டினால் கௌரவம் மட்டும்தான் போகும், குறைத்துக் காட்டினால் உயிரே போகலாம். ஐக்கிய நாடுகள் சபையின் 39ஆம் விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது: மீட்டர் உண்மை வேகத்தைவிட ஓரளவு அதிகம் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது.

நூறாண்டுகளுக்கு முன் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த போலீஸ்காரரிடம் இருந்தவை அளந்த தூரமும் ஒரு கடிகாரமும்தான். எட்டயபுரம் சாலையில் பழைய காரைச் சோதிப்பவருக்கும் தேவை அவை இரண்டுமே. கருவிகள் பல வந்தாலும் கடைசிச் சாட்சி சாலையோரக் கல்தான். கிலோமீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அதை நாம் இன்னும் "மைல்கல்" என்றே அழைக்கிறோம் என்பது வேறு விஷயம்!