எழுத்தை எண்ணியவர்கள்



கணக்கு ஒரு பாடம், மொழி வேறொரு பாடம் என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையிலும் இரண்டுக்கும் தனித்தனி நேரம். "இவனுக்குக் கணக்கு வரும், மொழி வராது" என்று பிரித்துப் பேசுகிறோம். "கணக்கிலே கெட்டிக்காரனாக இருந்தால் போதும், தமிழ் எதற்கு?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால், இன்று கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்த சொல்லை அது தானே எடுத்துக் கொடுக்கிறது. கேள்வி கேட்டால் வாக்கியம் வாக்கியமாக விடை எழுதுகிறது. இந்த வித்தை எங்கே பிறந்தது? கணக்கும் மொழியும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் பிறந்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். ரஷ்யாவின் அந்நாளைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அறிவியல் கழகத்தில் ஒரு கணித அறிஞர் உரையாற்றினார். அவர் பெயர் ஆண்ட்ரே மார்க்கோவ். வயது 56. அவர் கையில் எடுத்திருந்த நூலோ ஒரு காவியம். ரஷ்யர்கள் போற்றும் கவிஞர் புஷ்கின் எழுதிய 'யெவ்கெனி ஒனேகின்' அது. அதன் கவிநயத்தைப் பற்றி மார்க்கோவ் ஒரு சொல்லும் பேசவில்லை. தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று எண்ணி வந்திருந்தார்.

ரஷ்ய மொழியில் நம் உயிர்மெய்போல் இரண்டும் கலந்த எழுத்து கிடையாது. உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்கும். ஒலியில்லாத இரண்டு குறிகளை மட்டும் அவர் ஒதுக்கிவிட்டார். மற்ற எழுத்துகளை வரிசைக்குப் பத்தாக, பத்து வரிசையாகக் கட்டம் போட்டு எழுதினார். அப்படி 200 கட்டங்கள். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் செய்த வேலை. கூட்டிப் பார்த்தபோது உயிர் 8,638, மெய் 11,362. அதாவது, நூறு எழுத்தில் ஏறத்தாழ 43 எழுத்து உயிர்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. ஓர் உயிரெழுத்தை அடுத்து மறுபடியும் உயிரே வருவது எத்தனை முறை? எழுத்துகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விழுந்திருந்தால், சுமார் 3,700 இடங்களில் உயிரை அடுத்து உயிர் வந்திருக்க வேண்டும். அவர் எண்ணிக் கண்டதோ 1,104 இடங்கள்தாம். உயிருக்குப் பின் உயிர் வருவது நூற்றுக்குப் பதின்மூன்று. மெய்க்குப் பின் உயிர் வருவது நூற்றுக்கு அறுபத்தாறு. முன்னே நிற்கும் எழுத்து, பின்னே வரும் எழுத்தைப் பிடித்து இழுக்கிறது என்பது எண்ணிக்கையால் உறுதியாயிற்று.

இதை நம் மொழியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சொல்லின் நடுவே 'ங்' என்ற எழுத்தைக் கண்டவுடன், அடுத்து 'க' வரிசை வரப்போகிறது என்று நம் பிள்ளைக்குத் தெரியும். தங்கம், சங்கு, மாங்காய், கங்காணி. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் மெய்ம்மயக்கம் என்ற பகுதியில் வகுத்து வைத்துள்ளன. இலக்கணம் 'வரும், வாராது' என்று சொல்லிற்று. மார்க்கோவ் 'எத்தனை முறை வரும்' என்று எண்ணினார். இலக்கணத்துக்கும் கணக்குக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஒரு பெரிய கணித மேதை இப்படி எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கக் காரணம் என்ன? அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது.

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் தலை எட்டு முறைகூட விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினால் பாதிக்குப் பாதி என்ற அளவை நெருங்கிவிடும். இதைப் பேரெண் விதி என்பார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் பெர்னூலி எழுதி, 1713இல் வெளிவந்த நூலில் இதற்கு நிறுவல் உண்டு. ஒவ்வொரு சுண்டலும் முந்தியதோடு தொடர்பில்லாதது என்பது அந்த நிறுவலின் அடிப்படை. மாஸ்கோவைச் சேர்ந்த பாவெல் நெக்ராசோவ் என்ற கணித அறிஞர் இதைத் திருப்பிப் பிடித்தார். ஒரு நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் குற்றங்களைப் போன்ற கணக்குகளின் சராசரி அதிகம் மாறாமல் நிற்கிறது. சராசரி நிலையாக நின்றால் அந்தச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே, மனிதன் தன் விருப்பப்படியே செயல்படுகிறான் என்பதற்குக் கணிதமே சான்று என்று 1902இல் வாதிட்டார்.

மார்க்கோவுக்கு இது பொறுக்கவில்லை. மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா இல்லையா என்பதைச் சராசரியைக் கொண்டு தீர்க்க முடியாது என்பது அவர் கட்சி. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறும் என்று 1906இல் கணிதத்தால் நிறுவிக் காட்டினார்.

நம் தோட்டத்து அனுபவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு ரப்பர் மரம் சீவ முடியாது. மழைக்காலத்தில் இன்று பெய்தால் நாளையும் பெய்யும் என்றே பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள். நாளைக்கு நாள் தொடர்பு இருக்கிறது. இருந்தும், பல ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், ஆண்டுக்கு இத்தனை நாள் மழையால் வேலை போகும் என்று ஒரு சராசரி கிடைத்துவிடுகிறது. தொடர்பும் உண்டு, சராசரியும் உண்டு. மார்க்கோவ் சொன்னதும் இதுதான். புஷ்கினின் எழுத்துகள் அதற்கு அவர் காட்டிய கண்கூடான சாட்சி. இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று வரும் தொடருக்கு, பிற்காலத்தவர் 'மார்க்கோவ் சங்கிலி' என்று பெயரிட்டார்கள். அவர் 1922இல் மறைந்தார்.

அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி அமெரிக்காவில் கோக்கப்பட்டது. பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன், 1948இல் செய்தித் தொடர்பின் கணிதக் கொள்கையை வெளியிட்டார். அதில் ஒரு விளையாட்டு வருகிறது. ஏதேனும் ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்தைத் திறந்து, அதே சொல் வரும்வரை படித்து, அதற்கு அடுத்த சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல்லைக் கொண்டு மீண்டும் அப்படியே தேட வேண்டும். இப்படிச் சேரும் சொற்களைப் படித்தால், பொருளில்லை. ஆனாலும், ஆங்கிலம்போலவே ஓசை இருக்கிறது. பொருளை அறியாத ஒரு முறை, மொழியின் சாயலை உண்டாக்கிவிட்டது.

1951இல் ஷானன் இதை மனிதர்களிடமே சோதித்தார். ஒரு வாக்கியத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். மொழி தெரிந்தவர்கள் பல எழுத்துகளை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்கள். நேயர்களே, வானொலியில் இரைச்சல் புகுந்து நடுவே ஒரு சொல் கேட்காமல் போனாலும், நாம் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? மொழியில் வேண்டிய அளவுக்கு மேலேயே குறிப்புகள் நிறைந்திருப்பதால்தான் அது முடிகிறது. அந்த மிகுதி எவ்வளவு என்று அளந்தவர் ஷானன். செய்தியைச் சுருக்கி அனுப்புவதற்கும், வழியில் பிழைபட்டால் திருத்திக்கொள்வதற்கும் அந்த அளவே அடிப்படையாயிற்று.

இனி, கணினிகளை இணைக்கும் வலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அங்கும் கணக்கு முன்னரே போய் உட்கார்ந்திருந்தது. டென்மார்க்கில் ஆக்னர் எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை நிகழ்தகவுக் கணக்கால் ஆராய்ந்து 1909இல் எழுதினார். எத்தனை பேர் வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்ற கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் லெனார்டு கிளைன்ராக், கணினிச் செய்திகளுக்கு இந்தக் கணிதத்தைப் பொருத்தினார். இந்தக் கணக்கின் குறியீடுகளில் வரும் ஓர் எழுத்து மார்க்கோவின் பெயரைத்தான் குறிக்கிறது.

நீண்ட செய்தியை ஒரே மூட்டையாக அனுப்பாமல், சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டித் தனித்தனி வழியில் அனுப்பிச் சேருமிடத்தில் அடுக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம், அமெரிக்காவில் பால் பாரன், பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவருக்கும் தனித்தனியே தோன்றியது. 'பாக்கெட்' என்று பெயர் சூட்டியவர் டேவிஸ். பிற மொழிகளிலும் இந்தச் சொல்லுக்கு ஒத்த சொல் உண்டா என்று மொழியியலாரைக் கேட்டறிந்த பிறகே அவர் அதை முடிவு செய்தார். வலைப்பின்னலின் அடிப்படைச் சொல்லே மொழியறிஞரின் ஒப்புதலோடு வந்தது!

1969 அக்டோபர் 29ஆம் நாள் இரவு, கலிபோர்னியாவில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே முதல் செய்தி சென்றது. 'லாகின்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போனதும் கணினி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதைச் சரிசெய்து முழுச் சொல்லையும் அனுப்பினார்கள்.

வலை பெருகியதும் வேறு சிக்கல் எழுந்தது. கோடிக்கணக்கான பக்கங்களில் வேண்டியதை எப்படித் தேடுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கேய் பிரின் இருவரும் 1998இல் வெளியிட்ட முறைக்கு மார்க்கோவ் சங்கிலியே துணை நின்றது. நம் தோட்டத்துப் பாதைகளில் ஒருவன் எந்த நோக்கமும் இல்லாமல் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பல பாதைகள் கூடும் கடைத்தெருவுக்கே அவன் அடிக்கடி வந்து சேருவான். வலையிலும் அப்படித் திரிபவன் எந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வருவான் என்று கணக்கிட்டு, அதையே முதன்மையானதாக வரிசைப்படுத்தினார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து முறை பாதையைத் தொடர்வான், பதினைந்து முறை எங்காவது தாவுவான் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. அதிலிருந்துதான் கூகுள் நிறுவனம் பிறந்தது.

மார்க்கோவ் முந்தைய எழுத்து ஒன்றிரண்டைப் பார்த்தார். ஷானன் முந்தைய சொல்லைப் பார்த்தார். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட புதிய அமைப்பு, முன்னே வந்த சொற்கள் பலவற்றையும் ஒருசேர நோக்கி, எந்தச் சொல் எதனோடு உறவுடையது என்று எடைபோடுகிறது. 2022 நவம்பரில் மக்கள் கைக்கு வந்த 'சாட்ஜிபிடி' அந்த அமைப்பில் எழுந்ததே. கணக்கு மிகப் பெரிதாகிவிட்டது. கேள்வி மட்டும் பழைய கேள்விதான்: அடுத்து வருவது எது?

இதில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்து வரக்கூடிய சொல் வேறு, உண்மை வேறு. பொருத்தமாகத் தோன்றும் சொல்லை இயந்திரம் அடுக்கும்போது, பொய்யும் அழகிய வாக்கியமாக வந்து நிற்கக்கூடும். பிள்ளை அதைப் படித்துச் சரிபார்க்க வேண்டுமானால் அவனுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். கணக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற வாதம் இங்கே கவிழ்ந்துவிடுகிறது.

மற்றொன்று, இயந்திரம் எதை எண்ணுகிறது என்பது. எழுதி வைத்ததைத்தான் அது எண்ண முடியும். வலையில் தமிழ் ஏற நம் பகுதி அறிஞர்கள் முன்னரே பாடுபட்டார்கள். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்ற வழி கண்டார். 1997இல் தமிழ் இணைய மாநாட்டையும் கூட்டினார். 2001இல் அத்தகைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

ஆனாலும், ஏற்றத்தாழ்வு தீரவில்லை. இணையத்தில் பெரிதும் வழங்கும் குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டு. மொழி இயந்திரங்களோ வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் படிக்கின்றன. ஒரே செய்திக்குச் சில மொழிகளில் 15 மடங்குவரை கூடுதல் துண்டுகள் ஆவதை 2023இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. பல சேவைகளில் கட்டணமே துண்டுக் கணக்கில்தான். இதைச் சீர்ப்படுத்தக் கணக்கும் வேண்டும், தமிழும் வேண்டும். இரண்டும் அறிந்த பிள்ளைகள் யார் வீட்டிலிருந்து வருவார்கள்? நம் வீட்டிலிருந்தும் வரலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரட்டுக்குப் போன காலத்தைத் தாத்தா சொல்லும்போது, பாட்டி பிரசவ மருந்துக்குப் பெயர் சொல்லும்போது, அதைப் பிள்ளையை விட்டுத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், அந்தப் பக்கத்தில் 'க' வரிசை எத்தனை, 'ங்' எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மார்க்கோவுக்கு வேண்டியிருந்ததும் ஒரு தாள், ஒரு பேனா, பொறுமை, அவ்வளவே.